தாமரைப் பொய்கையும் நடுவயது இல்லறமும்

 

புதுக்கோட்டைக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் குடுமியான்மலை இருக்கிறது. வானம் பார்த்த வயல்களுக்கும் கண்மாய்களுக்கும் நடுவே தனித்து எழுந்த ஒரு பாறைக்குன்று அது. பழைய கல்வெட்டுகளில் இவ்வூரின் பெயர் திருநலக்குன்றம். அங்கே சிகாநாதசுவாமி கோயிலும், மலையைக் குடைந்தெடுத்த மேலைக்கோயிலும், அதன் அருகே பாறையில் வெட்டப்பட்ட புகழ்பெற்ற இசைக் கல்வெட்டும் உள்ளன. அங்கிருந்து அன்னவாசல் வழியே சில கல் தொலைவு சென்றால் சித்தன்னவாசல். தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இப்பக்கம் யாத்திரை வரும்போது பெரும்பாலும் சித்தன்னவாசலைக் கண்டு திரும்பிவிடுகின்றன. குடுமியான்மலை சைவத்தலம் என்பதால் விடுபட்டுப்போகிறது. இரண்டையும் ஒரே நாளில் காண்பவருக்குக் கிடைக்கும் பயன் பெரிது. நாற்பதைக் கடந்து அறுபதை எட்டாத வயதினருக்கு அது இன்னும் பெரிது.

நடுவயதில் எளிய மகிழ்ச்சி, தன் உடலையும் மனத்தையும் பேணுதல் என்று பேச்சு எழுந்தால், இல்லங்களில் உடனே ஒரு தயக்கம் தோன்றும். துறவைத் தலையாய அறமாகக் கொண்ட நெறியில் பிறந்தவர்கள் இன்பத்தைப் பற்றிப் பேசலாமா? உடல் அழியக்கூடியது, ஆன்மா வேறு என்று கற்றபின் உடலைப் பேணுவது பற்றன்றோ? இந்தத் தயக்கம் மதிக்கத்தக்கது. ஆயினும் இதற்கான விடை சித்தன்னவாசலின் விதானத்திலேயே தீட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

அறிவர் கோயிலின் அர்த்தமண்டபத்துள் நின்று மேலே நோக்கினால் ஒரு தாமரைப் பொய்கை தெரியும். இலைகள் நெருங்கிக் கிடக்க, இடையிடையே மொட்டும் மலரும், மீன்கள் நீந்துகின்றன, அன்னங்கள் இருக்கின்றன, யானைகளும் எருமைகளும் நீரில் இறங்கி நிற்கின்றன. அவற்றோடு மூன்று மானிடர். ஒருவர் ஒரு கையால் மலர் கொய்கிறார். அவரது மறுகையில் பூக்கூடை தொங்குகிறது. மற்றொருவர் தாமரைத் தண்டுகளைத் தோளில் சார்த்தியிருக்கிறார். அவர்கள் பவ்வியர், அதாவது வீடுபேற்றுக்கு உரிய உயிர்கள். இக்காட்சி தீர்த்தங்கரரின் அறவுரை நிகழும் சமவசரணத்தில் உள்ள காதிகாபூமி என்று அறிஞர் விளக்குவர். சமவசரணத்தின் எட்டு நிலங்களில் அது இரண்டாவது. அறம் கேட்கும் திருமண்டபம் அதற்கு வெகு தொலைவில், கடைசியாக இருக்கிறது.

இதைச் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஓவியர் வரைவதற்கு எத்தனையோ இருந்தன. தீர்த்தங்கரரின் தவக்கோலம் இருந்தது; நரகத்தின் துன்பம் இருந்தது. அவற்றை விடுத்து, அறம் கேட்கச் செல்வோர் வழியில் நீரில் இறங்கிப் பூக்கொய்யும் பொழுதை விதானம் முழுவதும் தீட்டினார். மகிழ்ச்சி வழிக்குப் புறம்பானது அன்று, வழியிலேயே இருக்கிறது. அதே வேளையில் அந்த மூவரும் பொய்கையிலேயே குடியிருக்கப் போவதும் இல்லை. பறித்த மலர் அவர்களுக்காகவும் இல்லை.

இக்கோயிலின் உள்மண்டபத்தைப் புதுக்கி, முகமண்டபத்தை எடுப்பித்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு கூறுகிறது. காலம் 9ஆம் நூற்றாண்டு. பாண்டியன் அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் ஆட்சி.

இனி, இல்லத்துக்குள் வருவோர் காணும் காட்சி வேறு. ஐம்பது வயதை ஒட்டிய ஒரு தாயார் மாலை நான்கு மணிக்கே அடுப்படிக்குச் செல்கிறார். பொழுது சாய்வதற்குள் உணவு முடித்தல் சாவகர் இல்லத்தின் பழைய ஒழுக்கம். மார்கழியில் தமிழகத்தில் ஆறு மணியை ஒட்டியே கதிரவன் மறைந்துவிடுகிறது. மாமியாருக்கு மாத்திரைக்கு முன் உணவு வேண்டும். கல்லூரியிலிருந்து வந்த மகனுக்குச் சூடாகத் தோசை வேண்டும். அலுவலகத்திலிருந்து வரவிருக்கும் கணவருக்கு எடுத்து வைக்க வேண்டும். எல்லோருக்கும் இட்டு முடித்துத் தம் தட்டை எடுக்கும்போது சன்னலுக்கு வெளியே இருட்டிவிட்டது. அவர் ஒரு குவளை நீர்கூட அருந்தாமல் பாத்திரங்களை விளக்கப் போகிறார். கேட்டால், 'இன்றைக்கு நோன்பு என்று வைத்துக்கொள்கிறேன்' என்கிறார். வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள் இது நடக்கிறது. வீட்டில் ஒருவரும் அதைக் கவனிப்பதில்லை. கவனித்தவர்களும் அவருடைய பக்தி என்று போற்றிவிட்டுப் போகிறார்கள்.

இது நோன்பு அன்று. சமண நூல்கள் இதில் தெளிவாக இருக்கின்றன. நோன்பு சங்கற்பத்தோடு தொடங்குவது. தானே விரும்பி, நாளும் அளவும் வரையறுத்துக்கொண்டு ஏற்பது. விரும்பாமல், வேறு வழியின்றித் தாங்கும் பசிக்கு அகாம நிர்ஜரை என்று பெயர். அதனால் ஓரளவு வினை உதிரும் என்று ஒப்புக்கொண்டாலும், அதை வீடுபேற்றுக்கான தவம் என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. பட்டினி கிடந்த பசுவுக்கும் அது உண்டு. ஒரு குடும்பம் தன் தாயைப் பசியோடு உறங்கச் செய்துவிட்டு அதற்கு அட்டமி, சதுர்த்தசியின் பெயரைச் சூட்டுவது அறத்துக்கே இழுக்கு.

தீர்வு மிக எளியது. எளியது என்பதாலேயே செய்யப்படாமல் கிடப்பது. ஐந்து மணிக்கு முதல் தட்டு சமைப்பவருடையதாக இருக்கட்டும். அவர் உண்டபின் மற்றவருக்கு இடட்டும், அல்லது மற்றவர் தாமே இட்டுக்கொள்ளட்டும். வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களில் வயல் வேலை முடித்து எல்லோரும் வெயில் தாழ வீடு திரும்பிய காலத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு கூர்மையாக இருந்திராது. அந்தக் குடும்பங்கள் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் பெங்களூருக்கும் பெயர்ந்தபின், ஒழுக்கம் மட்டும் உடன் வந்தது. வீடு திரும்பும் நேரம் ஏழரை ஆயிற்று. மாலை உணவைத் தூக்குவாளியில் எடுத்துச் சென்று அலுவலகத்திலேயே உண்டுவிடும் ஆண்கள் பலர் இன்று உண்டு. அவர்களைப் பாராட்ட வேண்டும். வீட்டில் ஒரு தட்டு முன்கூட்டியே நிறைய அவர்கள் வழி செய்திருக்கிறார்கள்.

நடுவயதின் மற்றொரு மெய்யான இடர், மருந்தும் நோன்பும் ஒன்றோடொன்று மோதுவது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர் உணவின்றி இருந்தால் இரத்தச் சர்க்கரை அளவு திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரலாம்; கவனியாவிடில் உயிருக்கே ஊறாகும். மருந்தின் அளவை மாற்றாமல், மருத்துவரிடம் ஒரு சொல் கேளாமல் நோன்பு தொடங்குதல் துணிவும் அன்று, பக்தியும் அன்று. உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் தீர்த்தங்கரத்தன்மையைத் தரும் பதினாறு பாவனைகளைக் கூறுமிடத்தில், தியாகத்தையும் தவத்தையும் 'ஆற்றலுக்கு ஏற்ப' என்ற அடைமொழியோடுதான் கூறுகிறார். மிக உயர்ந்த பேற்றுக்கான வழியிலேயே ஆற்றலின் அளவு பார்க்கப்படுகிறது என்றால், இல்லறத்தாருக்கு அது எவ்வளவு பொருந்தும்!

அன்றியும் புறத்தவங்கள் ஆறில் உண்ணாமை ஒன்றுதான். அதற்கு அடுத்ததாக எண்ணப்படுவது அவமோதரியம், வயிறு நிறையும் முன்னே கையை எடுத்துவிடுதல். ஐம்பது வயது உடலுக்கு இதைவிடப் பொருத்தமான தவம் ஏது? ஐந்தாவதாக எண்ணப்படுவது விவிக்த சய்யாசனம். தனித்த, அமைதியான இடத்தில் இருத்தல். கூட்டுக் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கென்று ஒரு நாற்காலியும் சன்னல் ஓரமும் இல்லாத வீடுகள் எத்தனை! காலையில் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், ஒருவரும் அழைக்காமல் அவர் சாமாயிகத்தில் அமர முடிந்தால் அதுவே நோன்பும் ஆகும், இளைப்பாறலும் ஆகும். தனிமையை அவர் விரும்பிக் கேட்கும்போது 'என்ன கோபம்?' என்று வீட்டார் வினவாதிருந்தால் போதும்.

இவ்வாறு சொல்வது இன்பத்துக்கு எல்லையற்ற உரிமை வழங்குவதாகப் பொருள்படாது. சாவகரின் விரதங்களில் போகோபபோக பரிமாணம் என்பது ஒன்று. உணவைப் போல ஒருமுறை துய்ப்பதும், ஆடையைப் போலப் பலமுறை துய்ப்பதும் ஆகிய இரண்டுக்கும் அளவு வகுத்துக்கொள்வது. அங்கே விலக்கப்படுவது அளவின்மை. துய்த்தல் முழுவதும் அன்று. இன்று கடைகளும் கைப்பேசியும் 'தன்னைப் பேணுதல்' என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பகுதி இந்த அளவுக்குள் அடங்காது. மொட்டைமாடியில் ஒரு நடை, மல்லிகைக் கொடிக்கு ஒரு செம்பு நீர், பழைய தோழியோடு அரைமணிப் பேச்சு ஆகியவை எளிதாக அடங்கும்.

மனத்தைப் பேணுதல் இதைவிடக் கடினம். பிரிந்ததை எண்ணி ஏங்குதல், வேண்டாதது வந்ததே என்று புழுங்குதல், நோயை நினைந்து நினைந்து வருந்துதல், இனி வர வேண்டியவற்றுக்காகத் தவித்தல் ஆகிய நான்கையும் ஆர்த்ததியானம் என்று நூல்கள் வகைப்படுத்தும். நடுவயதில் நள்ளிரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொள்பவர் மனத்தில் ஓடுவது இந்நான்கன்றி வேறில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகள், அடைபடாத வீட்டுக்கடன், முழங்கால் வலி, மகனுக்கு அமையாத வரன். அமிர்தசந்திராசாரியார் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இம்சைக்குத் தரும் விளக்கம் இங்கே கருதத்தக்கது. விருப்பு வெறுப்பு முதலியவை உள்ளத்தில் தோன்றுவதே இம்சை என்கிறார் அவர்; பிற உயிர் பின்னர் துன்புறினும் துன்புறாவிடினும், முதலில் காயப்படுவது தன்னுயிரே. எறும்புக்கு வழிவிட்டு நடப்பவர்கள் தம் உள்ளத்தின்மீது நாள்தோறும் இழைக்கும் இம்சையை எண்ணிப் பார்ப்பதில்லை.

சாவகரின் பதினொரு படிநிலைகளில் பத்தாவது அனுமதித்தியாகம்: இல்லக் காரியங்களில் இசைவும் யோசனையும் கூறுவதை விட்டுவிடுதல். அது முதுமைக்கும் முதிர்ந்த துறவுக்கும் உரிய உயர்நிலை. நடுவயதினர் அதை ஏற்கப் புகுவது மிகை. ஆனாலும் வளர்ந்த மகன் எந்த நிறச் சட்டை வாங்குவது, மருமகள் சாம்பாருக்கு எவ்வளவு புளி கரைப்பது என்பன போன்றவற்றில் சிறிது முன்பயிற்சி செய்தால் இரு தலைமுறைக்கும் நல்லுறக்கம் வரும்.

மீண்டும் குடுமியான்மலைக்கு வருவோம். மேலைக்கோயிலின் அருகே பாறையில் உள்ள கல்வெட்டு, எழுத்தமைதியால் 7ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்படுவது. கிரந்த எழுத்தில், ஏழு பிரிவுகளாக, நான்கு நான்கு சுரங்கள் கொண்ட சிறு தொகுதிகள் வரிவரியாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு சுரமும் ச, சி, சு, செ என்பது போல உயிர் மாறி வருகிறது. உருத்திராசாரியாரின் மாணாக்கனாகத் தன்னைக் கூறிக்கொள்ளும் ஓர் அரசன், மாணவர் நலனுக்காக இதைச் செய்தான் என்று அக்கல்வெட்டே தெரிவிக்கிறது. அவன் மகேந்திரவர்மனா, வேறொருவனா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த வழக்கைவிட இன்பம் தருவது, நாடாளும் ஒருவன் தன்னை மாணாக்கன் என்று கல்லில் எழுதிவைத்த செய்தி. ஆட்சிப் பொறுப்பு அவனது பயிற்சியை நிறுத்தவில்லை. பயிற்சியும் நான்கு நான்கு சுரங்களாகச் சிறுசிறு துண்டுகளாகவே அமைந்திருக்கிறது.

நாற்பத்தைந்து வயதுக்குமேல் புதிதாக ஒன்றைக் கற்கத் தொடங்குவதில் உள்ள மகிழ்ச்சி தனி வகையானது. மதிப்பெண் இல்லை, வேலைக்கு உதவாது, யாரும் வற்புறுத்தவில்லை. சமண இல்லங்களில் இதற்குக் கைக்கெட்டும் வாய்ப்பு ஒன்று உண்டு. ஸ்ரீபுராணம் முதலிய நூல்கள் மணிப்பிரவாள நடையில் ஆனவை. பாட்டனார் படித்த பழைய பிரதிகள் கிரந்த எழுத்துக் கலந்தவையாகப் பரணில் கிடக்கின்றன. நாளைக்கு நான்கு கிரந்த எழுத்து என்று கற்றால், சில வாரங்களில் அப்பிரதியின் ஒரு பக்கத்தைத் தாமே எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். ஆறு கடமைகளில் ஒன்றாகிய சுவாத்தியாயம் அதனால் நிறைவேறுகிறது. அதைவிட, பாட்டனார் கோடிட்டு வைத்த வரியைப் பேரப்பிள்ளை படிக்கும் பொழுது மறக்க முடியாதது.

சைவ அரசனின் கல்வெட்டைச் சமணர் ஏன் கொண்டாட வேண்டும் என்று யாரேனும் வினவலாம். நால்வகைப் பாவனைகளில் ஒன்று பிரமோதம். நற்குணம் உடையாரைக் கண்டவிடத்து மகிழ்தல். அங்கே குணம் மட்டுமே பார்க்கப்படுகிறது. செலவில்லாத இன்பங்களில் இதுவே தலையாயது. அண்டை வீட்டுப் பிள்ளையின் தேர்ச்சியில் மகிழப் பழகியவருக்கு மகிழ்ச்சிக்குப் பஞ்சம் வராது.

யாத்திரை செல்ல எண்ணுவோர் விடியலிலேயே சித்தன்னவாசல் சேர்தல் நன்று. ஏழடிப்பட்டத்துக்குப் பாறைமீது ஏற வேண்டும். வெயில் ஏறினால் கல் சுடும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறாமல் கீழே இருப்பதில் குறை ஏதும் இல்லை. மேலே குகைத்தளத்தில் 17 கற்படுக்கைகள் வழவழப்பாக்கப்பட்டுள்ளன. தலைப்பக்கம் தலையணை போல் உயர்த்திச் செதுக்கியிருப்பதைக் கையால் தொடாமல் கண்ணால் காண வேண்டும். உடலைத் துரும்பாக மதித்து நோற்ற முனிவர்களுக்கும், அவர்கள் தலைசாய்க்கச் சிறிது மேடு வேண்டும் என்று எண்ணிக் கல்லைத் தேய்த்துக் கொடுத்த கைகள் இருந்திருக்கின்றன. பின் இறங்கி வந்து அறிவர் கோயில். உள்ளே அமைதியாக நின்று மெல்ல ஓங்காரம் ஒலித்தால் கருவறை அதை வாங்கி அதிர்வாகத் திருப்பித் தரும். நண்பகலில் கட்டுச்சோறு, பின்னர்க் குடுமியான்மலை. நான்கு மணிக்குப் புறப்பட்டால் வழியிலேயே பொழுது சாயுமுன் மாலை உணவை முடித்துவிடலாம். அதை முதல்நாளே கட்டி வைக்கும் வேலையை இம்முறை ஆண்கள் ஏற்கட்டும்.

ஓவியத்தின் நிறங்கள் மங்கியிருக்கின்றன. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தவுடன் ஒன்றும் தெரியாது. கண் பழகச் சிறிது நேரம் ஆகும். பிள்ளைகள் பொறுமையிழந்து வெளியே ஓடிவிடுவார்கள். பெரியவர்கள் அங்கேயே நிற்கலாம். முதலில் இலைகள் தெரியும், பிறகு ஒரு மீன், பிறகு பூக்கூடை ஏந்திய கை. வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தேட வேண்டியதில்லை; விதானம் போதிய உயரத்தில் இருக்கிறது.