திறப்பை வாங்க முதல்: கார் இன்சூரன்ஸ் பற்றி ஒரு விளக்கம்

(புதிதாக வந்தவர்களுக்கான ஆலோசனை வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு கார் இன்சூரன்ஸ், அதாவது வாகனக் காப்புறுதி பற்றிக் கதைப்போம். "எங்களிட்ட காரே இல்லை, எங்களுக்கு ஏன் இது?" என்று சிலர் நினைப்பீர்கள். கார் இல்லாதவர்களும் இதில் மாட்டுப்படலாம். தெரிந்த அண்ணை ஒருவர், "தம்பி, என்ர காரைக் கொண்டுபோய் சாமான் வாங்கிக்கொண்டு வா" என்று திறப்பை நீட்டுவார். அதை வாங்கலாமா, வேண்டாமா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த விளக்கம்.

இலங்கையில் காப்புறுதி பெரும்பாலும் வாகனத்தோடு போகிறது. லைசென்ஸ் உள்ள ஒருவர், சொந்தக்காரர் சம்மதித்தால் ஓடலாம். பிரித்தானியாவில் அப்படி இல்லை. இங்கே பொதுவாக, காப்புறுதிப் பத்திரத்தில் பெயர் உள்ளவர் மட்டும்தான் ஓடலாம். இதை முதலில் மனதில் வையுங்கள்.

காப்புறுதியில் மூன்று வகை உண்டு.

1. தேர்ட் பாட்டி. உங்களால் மற்றவருக்கு ஏற்படும் காயத்துக்கும், அவருடைய கார், மதில் போன்றவற்றின் சேதத்துக்கும் கம்பெனி பணம் கொடுக்கும். உங்கள் காரில் இருந்து வருபவர்களும் இதில் அடங்குவார்கள். உங்கள் காரைத் திருத்தும் செலவு உங்களுடையது. சட்டம் கேட்கும் ஆகக் குறைந்த காப்புறுதி இதுதான்; இது கட்டாயம்.

2. தேர்ட் பாட்டி, ஃபயர் அன்ட் தெஃப்ட். மேலே சொன்னதோடு, உங்கள் கார் தீப்பிடித்தாலோ களவு போனாலோ இழப்பீடு கிடைக்கும்.

3. கொம்பிரஹென்சிவ். எங்கட ஆட்கள் "ஃபுல் இன்சூரன்ஸ்" என்று சொல்வது இதைத்தான். பிழை உங்களுடையதாக இருந்தாலும் உங்கள் காரின் சேதத்துக்கும் பணம் கிடைக்கும்.

தேர்ட் பாட்டிதான் மலிவு என்று நினைக்காதீர்கள். சில வேளை கொம்பிரஹென்சிவ் அதைவிடக் குறைவாக வரும். மூன்றுக்கும் விலை கேட்டுப் பாருங்கள். "எக்செஸ்" எவ்வளவு என்றும் பாருங்கள். அது சேதச் செலவில் நீங்கள் கொடுக்கவேண்டிய பங்கு. எக்செஸ் 500 பவுண், திருத்தச் செலவு 900 பவுண் என்றால், கம்பெனி தருவது 400 பவுண்தான்.

இப்போது அந்த "ஃபுல்" என்ற சொல்லுக்கு வருவோம். "அண்ணைக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு, நானும் ஓடலாம்தானே?" என்று கேட்பீர்கள். ஓட முடியாது. "ஃபுல்" என்பது எந்தச் சேதத்துக்குப் பணம் வரும் என்பதைக் குறிக்கும். யார் ஓடலாம் என்பதை அது சொல்லாது. அண்ணை கம்பெனிக்கு அறிவித்து உங்கள் பெயரைச் சேர்த்திருக்க வேண்டும். சிலருடைய பத்திரத்தில் வேறு ஆட்களின் காரை ஓடலாம் என்று இருக்கும். அது எல்லோருக்கும் கிடைக்காது. கிடைத்தாலும் பெரும்பாலும் தேர்ட் பாட்டி அளவுக்குத்தான்.

எதற்காக ஓடுகிறீர்கள் என்பதும் முக்கியம். சாதாரண காப்புறுதி சொந்தப் பயணத்துக்கு மட்டும். சாப்பாடு டெலிவரி செய்யவோ, காசு வாங்கி ஆட்களை ஏற்றவோ தனிக் காப்புறுதி வேண்டும். வேலை செய்ய அனுமதி இல்லாதவர் டெலிவரி செய்தால் அவருடைய தஞ்ச வழக்குக்கும் பிரச்சினை வரலாம்.

பிடிபட்டால் என்ன நடக்கும்? பொலிசாரின் கமரா காரின் இலக்கத்தகட்டைப் பார்த்தே காப்புறுதி உண்டா என்று கண்டுபிடிக்கும். நிறுத்தி, உங்கள் பெயர் இல்லை என்று தெரிந்தால் 300 பவுண் தண்டமும் லைசென்சில் 6 புள்ளிகளும் விழலாம். காரைப் பறிமுதல் செய்யலாம், அழிக்கவும் செய்யலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழக்கு நீதிமன்றம் போனால் தண்டத்துக்கு உச்ச வரம்பே இல்லை. இங்கே சோதனை பாஸ் பண்ணி இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளிகள் வந்தால் லைசென்ஸ் போய்விடும். திறப்பைத் தந்த அண்ணையும் தப்ப முடியாது. காப்புறுதி இல்லாதவரை ஓட விடுவதும் குற்றம். பிற்காலத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது போக்குவரத்துக் குற்றத் தீர்ப்புகளையும் எழுதத்தான் வேண்டும்.

லைசென்ஸ் விஷயம்: இலங்கை லைசென்சோடு, இங்கே வதிவாளராகிய நாளிலிருந்து 12 மாதம் வரைதான் கார் ஓடலாம். பிறகு இங்கத்தைய புரொவிஷனல் லைசென்ஸ் எடுத்து, சோதனை பாஸ் பண்ண வேண்டும். உங்கள் வழக்கின் நிலையில் நீங்கள் ஓடலாமா, லைசென்ஸ் எடுக்கலாமா என்பதை ஓட முதல் உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

காப்புறுதி எடுக்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். அதிகம் ஓடுவது நீங்கள், ஆனால் விலை குறையட்டும் என்று மாமாவைப் பிரதான சாரதியாகப் போடுவது மோசடி. வீடு மாற்றினால் புது விலாசத்தை அறிவியுங்கள். வட்ஸ்அப்பிலும் முகநூலிலும் "மலிவாக எடுத்துத் தாறன்" என்பவர்களிடம் கவனம். போலிப் பத்திரத்தைத் தந்துவிட்டு ஆள் மறைந்துவிடுவார். எஃப்.சி.ஏ. என்ற நிதிக் கண்காணிப்பு அமைப்பின் பதிவேட்டில் அந்தக் கம்பெனியோ தரகரோ இருக்கிறார்களா என்று இலவசமாகப் பார்க்கலாம்.

விபத்து நடந்தால் ஓடிப்போகாதீர்கள். நிறுத்தி, பெயர், விலாசம், கார் இலக்கம் கொடுத்து வாங்குங்கள். அப்படிக் கொடுக்க முடியாவிட்டால் கூடிய விரைவில், பிந்தினால் 24 மணித்தியாலத்துக்குள், பொலிசில் அறிவிக்க வேண்டும். யாருக்கும் காயம் என்றால் காப்புறுதிப் பத்திரத்தையும் காட்ட வேண்டும். காப்புறுதி இல்லாத கார் உங்களை இடித்தாலும், மோட்டார் இன்சூரர்ஸ் பியூரோ என்ற அமைப்பிடம் இழப்பீடு கேட்கலாம். நடந்து போகும்போது அடிபட்டாலும் இது பொருந்தும்.

கடைசியாக, திறப்பை வாங்க முதல் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் காப்புறுதியில் என் பெயர் இருக்கிறதா? நான் போகும் வேலைக்கு அது செல்லுமா? என் லைசென்ஸ் இங்கே செல்லுமா? ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் திறப்பைத் திருப்பிக் கொடுங்கள். "அண்ணை, பிடிபட்டால் உங்களுக்கும்தான் புள்ளி விழும்" என்று சொல்லுங்கள். அவருக்கும் விளங்கும்.

பத்திரம் கையில் இருந்து, அதில் எழுதியிருப்பது விளங்காவிட்டால் எங்களிடம் கொண்டு வாருங்கள். சேர்ந்து வாசித்துப் பார்ப்போம்.