வாசலில் தெரிந்த மலை

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'முன்னோரைத் தேடி' என்னும் தலைப்பில் பேசுமாறு பணித்துள்ளீர்கள். குலமும் ஊரும் அறிந்தவர்கள் தம் முன்னோரைத் தேடுவது ஒருவகை. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தோ, வழியில் பிரிந்தோ போன ஒருவரின் வழியில் வந்தவர்கள் தேடுவது மற்றொரு வகை. நான் இரண்டாம் வகையினன். ஆகவே அதைப் பற்றியே பேச விழைகிறேன்.

தமிழ் இலக்கியத்திற்கு இப்பொருள் புதிதன்று. மணிமேகலையில் வரும் ஆபுத்திரன், தாய் சாலியால் கைவிடப்பட்டு, ஏழு நாள் ஆவின் பாலால் உயிர் பிழைத்து, இளம்பூதி என்பானால் வளர்க்கப்பட்டவன். அவன் பிறப்பை இகழ்ந்த அந்தணர்க்கு, அவர்தம் முனிவர்களின் பிறப்பை எடுத்துக்காட்டியே அவன் விடை பகர்ந்தான். நம் உறையூரிலோ, நெல்வயலில் கண்டெடுக்கப்பட்டுப் பாணர் குடியில் வளர்ந்த குழந்தையே பின்னர்த் திருப்பாணாழ்வார் ஆனார் என்பது குருபரம்பரைச் செய்தி. துளசி வனத்தில் கிடைத்த ஆண்டாள் வந்து சேர்ந்த இடமும் நம் திருவரங்கமே. முன்னோர் பெயர் சொல்ல இயலாத இருவரை முன்வைத்து வணங்கும் ஊரில் நாம் வாழ்கிறோம்.

இனி என் தந்தையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ரங்கூனில் பிறந்தவர். 1941 டிசம்பர் 23 அன்று அந்நகரின்மீது ஜப்பானியர் குண்டு வீசினர். 1942 மார்ச்சு 8 அன்று நகரம் வீழ்ந்தது. அந்த ஆண்டில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர் பர்மாவைவிட்டு வெளியேறினர். அராக்கான் வழியே சிட்டகாங்குக்கும், தமு வழியே இம்பாலுக்கும், ஹூக்காங் பள்ளத்தாக்கு வழியே அசாமுக்கும் அவர்கள் நடந்தனர். காலராவும் மலேரியாவும் பசியும் வழியெங்கும் பிணங்களைக் கிடத்தின. தந்தையாருக்கு அப்போது வயது எட்டு. தமு வழியில் ஓர் இரவு, கூட்டத்தில் அவருடைய தாயார் காணாமற் போனார். 'இங்கேயே இரு' என்று சொல்லிவிட்டுத் தேடிச் சென்ற தகப்பனாரும் திரும்பவில்லை.

மறுநாள் காலை அழுதுகொண்டிருந்த பிள்ளையிடம் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர் ஒருவர், 'எந்த ஊர் தம்பி?' என்று கேட்டிருக்கிறார். பிள்ளைக்கு ஊர்ப் பெயர் தெரியவில்லை. 'வாசல்ல நின்னா பச்சைமலை தெரியும்' என்று மட்டும் சொல்லியிருக்கிறது. அது அவர் கண்ட மலை அன்று. தாய் சொல்லக் கேட்ட மலை. கேட்டவர் துறையூர்ப் பக்கத்துக்காரர். 'அட, நம்ம மலையா? வா, போவோம்' என்று கையைப் பிடித்தவர், இம்பால், திமாப்பூர், கல்கத்தா, சென்னை என்று வழிநெடுகிலும் அந்தக் கையை விடவில்லை. என் தந்தையார் அவரைப் பெரியப்பா என்றே கடைசிவரை அழைத்தார்.

அந்த மலையைக் கொண்டு ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா என்று நான் பல ஆண்டுகள் அலைந்தேன். துறையூரில் நின்றாலும் பச்சைமலை தெரியும்; உப்பிலியபுரத்தில் நின்றாலும் தெரியும். கிழக்கே அரும்பாவூர், மேற்கே தம்மம்பட்டி, வடக்கே கெங்கவல்லி எனச் சுற்றிலும் எத்தனையோ ஊர்களின் வாசல்களில் அதே மலைதான். தந்தையார் நினைவில் வைத்திருந்த குலதெய்வத்தின் பெயர் பெரியண்ணசாமி. அத்தெய்வமும் இவ்வட்டாரத்தில் பல குடிகளுக்குப் பொது.

ஏடுகளாவது உதவுமா எனில், இங்கே ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற 1,52,184 பேருக்கும் கப்பல் பதிவேடு உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலில் உள்ள தழும்பு வரை எழுதி, ஒவ்வொருவர்க்கும் ஓர் எண்ணும் கொடுத்தார்கள். அடிமைக்கு நிகரான ஒரு முறை தன் கணக்குக்காக எழுதி வைத்த ஏடு, இன்று பேரப்பிள்ளைகளுக்கு ஊர் காட்டும் ஏடாகிவிட்டது. பர்மாவோ 1937 ஏப்ரல் 1 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அங்கே செல்வது உள்நாட்டுப் பயணம். மேஸ்திரி கூப்பிட்டால் கப்பலேற வேண்டியதுதான். எனவே நேட்டாலுக்குச் சென்றவனுக்கு இருக்கும் சான்று, ரங்கூனுக்குச் சென்றவனுக்கு இல்லை. இக்காலத்து மரபணுச் சோதனையும் உறவினர் ஒருவரைக் காட்டலாம். ஊரின் பெயரை அது சொல்லாது.

மலையடிவார ஊர் ஒன்றில் ஒரு மூதாட்டி, 'ரங்கோனுக்குப் போய்த் திரும்பாத வீடு இந்தத் தெருவிலேயே நாலு' என்றார். அந்த நான்கில் ஒன்று எங்களுடையதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் உரிமை கொண்டாடவில்லை.

தந்தையார் ஆடி அமாவாசைதோறும் திருவரங்கம் அம்மா மண்டபத்திற்குச் செல்வார். பாட்டன், முப்பாட்டன் பெயரைக் கேட்கும்போது தலைகுனிந்து நிற்பார். கோத்திரம் தெரியாதவர்க்குக் காசிப கோத்திரம் என்று சொல்லிச் சடங்கு மேலே செல்லும். முடிவில், தாயோ தந்தையோ உறவோ இல்லாதவர்க்கென்று ஒரு கை நீர் வார்க்கும் வழக்கம் உண்டு. அந்த நீரை மட்டும் அவர் நெடுநேரம் வார்ப்பார். தமு வழியில் கிடந்தவர்களுக்கெல்லாம் சேர்த்து வார்த்தார் என்பதை அவர் மறைந்த பின்னரே உணர்ந்தேன். இப்போது அங்கே நான் நிற்கிறேன். பாட்டனாரின் இடத்தில், கையைப் பிடித்து அழைத்து வந்த அந்தத் துறையூர்க்காரரின் பெயரைச் சொல்கிறேன். பெற்றவர்க்குரிய இடத்தை அவர்க்குத் தந்தது தகுமா என்று சிலர் வினவினர். பெற்றவர்கள் அதைத் தவறென்று கொள்ளமாட்டார்கள் என்பதே என் விடை.

பச்சைமலை வாழ் மலையாளி மக்களிடையே ஒரு கதை வழங்குகிறது. காஞ்சியிலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை ஆகிய மலைகளில் ஆளுக்கொன்றாகப் பிரிந்து தங்கினர் என்பர். பிரிந்ததைக் கதையாக்கிக் காத்ததால் இன்றும் மூன்று மலையினரும் உறவென்று சொல்லிக்கொள்கின்றனர். ஏடு இல்லாதவர்க்குக் கதையே ஏடு.

ஆகவே பாவலர்களிடம் ஒரு வேண்டுகோள். 1942-இல் சிறுவராய் நடந்து வந்தவர்களுள் எஞ்சியோர் இன்று முதிர்ந்த அகவையினர். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. மலையகத்தார் 'ஒப்பாரிக் கோச்சி' என்றழைத்த இரயிலில் வந்த பிள்ளைகள் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களிடம் பட்டாவைக் கேளாதீர்கள். எந்த மலை தெரிந்தது, எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டார்கள், அம்மா என்ன சொல்லித் தூங்கவைத்தாள் என்று கேளுங்கள். கேட்டதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள்; அழகுபடுத்த வேண்டா. ஒரு சொல் ஒரு பிள்ளையை உயிரோடு ஊர் சேர்த்தது என்பதற்கு நான் இங்கு நின்று பேசுவதே சான்று.