கன்றுக்குச் சொன்ன சொல்

இலக்கியத்தில் பொருள் எங்கே பிறக்கிறது என்று விவாதிக்கக் கூடியிருக்கும் இந்த அரங்கு, கோட்பாடுகளுக்குள் நுழையுமுன் முல்லைப்பாட்டைக் கொஞ்சம் புரட்டலாம். நப்பூதனார் பாடியது, 103 அடி, பத்துப்பாட்டில் ஆகச் சிறியது.

போருக்குப் போன மன்னன் திரும்பவில்லை, கார்காலமோ வந்துவிட்டது. மழை மாலையில் முதுபெண்டிர் நெல்லும் முல்லைப்பூவும் தூவித் தொழுது, விரிச்சி கேட்டு, அதாவது யாரோ தற்செயலாகச் சொல்லும் சொல்லை நிமித்தமாகக் கொள்ளக் காத்து, நிற்கிறார்கள். அங்கே ஆயர்குலப் பெண் ஒருத்தி, குளிருக்குத் தோளைக் கட்டிக்கொண்டு, சிறு கயிற்றில் கட்டுண்டு தவிக்கும் கன்றைத் தேற்றுகிறாள்: கோவலர் ஓட்டிவர, தாய்ப்பசு இதோ வந்துவிடுமாம். அவள் பேச்சில் அரசனும் இல்லை, போரும் இல்லை. முதுபெண்டிரோ, மன்னன் வென்று திரும்புவான் என்று அரசியிடம் போய்ச் சொல்கிறார்கள். சொன்னவள் நினையாத பொருள் கேட்டவர் காதில் பிறந்துவிட்டது!

நற்சொல் கேட்டும் அரசி அழுகிறாள். உரையாசிரியர் நச்சினார்க்கினியருக்கு இது இடித்தது. ஆற்றியிருப்பது முல்லை, இரங்குவது நெய்தல், திணை குலையலாமா? அடிகளை முன்பின்னாக மாற்றிக் கூட்டிப் பொருள் உரைத்தார். தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் 34 உறுப்புகளில் ஒன்றான மாட்டு, அதாவது விலகிக் கிடக்கும் சொற்களை இணைத்துப் பொருள் கொள்ளும் முறை, அவருக்குக் கைகொடுத்தது.

சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த மறைமலையடிகள், 1903-இல் வெளிவந்த தமது ஆராய்ச்சியுரையில் இதை மறுத்தார். பாட்டு ஓடுகிற போக்கிலேயே பொருள் காணவேண்டும் என்பது அவர் கட்சி.

நச்சினார்க்கினியரைக் கேலி செய்வது எளிது. 1889-இல் உ.வே.சா. பத்துப்பாட்டை அச்சேற்றியபோது உடன் வந்தது அவர் உரைதான். அது இல்லையென்றால் பல இடங்களில் திக்குத் தெரியாமல் நிற்க வேண்டியதுதான். ஆனாலும் இந்த வழக்கில் நியாயம் மறைமலையடிகள் பக்கமே.

காரணம் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. அரசியின் கண்ணீரை அப்படியே விட்டுவிட்டுப் புலவர் பாசறைக்குப் போகிறார். போர் வேட்கையில் கண்படாத மன்னன், வேல் பாய்ந்த புண்ணால் பிடிகளையே மறந்துவிட்ட களிறுகளை எண்ணிக் கிடக்கிறான். மனைவியை நினைத்தான் என்று பாட்டில் ஒரு சொல் கிடையாது. உடனே காட்சி அரண்மனைக்குத் திரும்புகிறது. அரசி தன்னைத்தானே தேற்றிக்கொள்கிறாள், கழலும் வளையைத் திருத்துகிறாள், மயங்குகிறாள், பெருமூச்சு விடுகிறாள். துணையை மறந்த களிற்றுக்குப் பக்கத்தில், மறக்க முடியாத இவள். எந்தத் தனிச் சொல்லிலும் இல்லாத இந்தப் பொருள், அடுத்தடுத்து வைத்த வரிசையில் இருக்கிறது. அடிகளை இடம் மாற்றினால் இது கைநழுவிப் போகும். வளையைத் திருத்தும் அந்தக் கையில் ஆற்றியிருத்தலும் தெரிகிறது, இரங்கலும் தெரிகிறது. திணை ஒன்றும் குலைந்துவிடவில்லை.

வாசிப்புக் கோட்பாடு, அமைப்பியல், குறியியல் எல்லாம் இனிவரும் அமர்வுகளில் பேசப்படும், பேசப்படட்டும். தலைமையின் வேண்டுகோள் ஒன்றே: கட்டுரையாளர்கள் அறிஞர் பெயர்களை அடுக்குமுன், தாம் எடுத்துக்கொண்ட பாட்டை ஒருமுறை அவைக்கு முழுதாக வாசித்துக் காட்டட்டும். அதற்காகும் நேரத்தை அவரவர் பேச்சு நேரத்தில் கழிக்க வேண்டாம் என்று அமர்வுத் தலைவர்களைக் கேட்டுக்கொள்ளலாம்.