விளையாட்டுக் கணினி: இரண்டு பாகங்களின் பொருத்தம்



படிவம் ஐந்து முடித்த மகன் கேம் விளையாட ஒரு கணினி வேண்டும் என்று கேட்கிறான். வீட்டில் கூட்டுப் பணம் எடுத்து 2,000 வெள்ளி ஒதுக்கியாயிற்று என்று வைத்துக் கொள்வோம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அந்தக் கணக்கில் பார்த்தால், இந்தப் பணம் ஒருவர் வெயிலிலும் மழையிலும் குலை வெட்டிய ஒரு மாதச் சம்பளத்திற்கும் மேல். விளையாட்டுக்கா இவ்வளவு பணம் என்று தாய்மார்கள் கேட்பது நியாயமே. வாங்குவதா வேண்டாமா என்பதை அந்தந்தக் குடும்பம் முடிவு செய்யட்டும். வாங்குவது என்றாகிவிட்டால், பணம் வீணாகாமல் வாங்குவது எப்படி என்று இன்று பார்ப்போம்.

கடையில் முதலில் நம் கண்ணைப் பறிப்பவை பெட்டிக்குள் எரியும் வண்ண விளக்குகள். அவற்றால் விளையாட்டு ஓர் இம்மியும் வேகமாக ஓடப் போவதில்லை. வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இரண்டு பாகங்கள். ஒன்று பிராசசர், மற்றொன்று கிராபிக்ஸ் கார்டு.

நமக்குத் தெரிந்த செம்பனை வேலையை வைத்தே இதைப் புரிந்து கொள்ளலாம். மணிக்கு 60 டன் குலை பிழியக்கூடிய ஆலை ஒன்று இருக்கிறது. தோட்டத்திலிருந்து மணிக்கு 30 டன்தான் வந்து சேருகிறது என்றால், ஆலை பாதி நேரம் சும்மா நிற்கும். ஆலையைப் பெரிதாக்கினால் எண்ணெய் கூடுமா? கூடாது. குலை நிறைய வந்து ஆலை சிறியதாக இருந்தாலும் தொல்லைதான். குலைகள் குவிந்து கிடக்கும்.

கணினியில் குலை வெட்டி அனுப்பும் ஆள் பிராசசர். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பாய்கிறது என்று கணக்கிட்டு, இதை வரை என்று ஒவ்வொரு படத்திற்கும் கட்டளை அனுப்புகிறது. அந்தப் படத்தை வரைந்து திரைக்குத் தரும் ஆலை கிராபிக்ஸ் கார்டு. ஆட்டம் தடையின்றித் தெரிய விநாடிக்கு 60 படங்களாவது வேண்டும். பிராசசர் விநாடிக்கு 90 படங்களுக்குக் கட்டளை தருகிறது, கார்டு 60 வரைகிறது என்றால் நாம் காண்பது 60. கார்டை மட்டும் மாற்றி 150 வரையக்கூடியதைப் போட்டால் 150 கிடைக்காது, 90தான் கிடைக்கும். மீதி ஆற்றலுக்குக் கொடுத்த காசு சும்மா நிற்கும்.

இதில் ஆட்டத்திற்கு ஆட்டம் வேறுபாடு உண்டு. வேலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவை பிராசசரிடம் அதிக வேலை வாங்குபவை. சைபர்பங்க் 2077 போன்ற படாடோபமான ஆட்டங்கள் கார்டைப் பிழிந்தெடுத்துவிடும். ஆகவே, என்ன ஆட்டம் ஆடப் போகிறாய் என்று பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டும். திரையும் கணக்கில் சேரும். 1920-க்கு 1080 அளவுள்ள திரையில் ஏறக்குறைய 20 இலட்சம் புள்ளிகள். 2560-க்கு 1440 என்றால் 36 இலட்சத்திற்கும் மேல். புள்ளி கூடினால் கார்டுக்குத்தான் வேலை கூடும், பிராசசருக்கு அவ்வளவாகக் கூடாது. கையில் காசு குறைவு என்றால் 1080 திரையே போதும் என்பது நம் எண்ணம்.

எந்த ஜோடி பொருந்தும்? 2022-இல் வந்த ஏஎம்டி ரைசன் 5 5600, அல்லது அதே ஆண்டின் இண்டெல் கோர் ஐ3-12100எஃப். இவற்றில் ஒன்றோடு 8 ஜிபி நினைவகமுள்ள ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கார்டு. மலிவு ஜோடிகளில் இது நல்ல பொருத்தம். கார்டு 132 வாட் மின்சாரமே எடுக்கும். பெயர் தெரிந்த நிறுவனத்தின் 450 வாட் மின்பெட்டி போதும். மின்பெட்டியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அது கெட்டால் மற்றப் பாகங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடக் கூடும்.

மலிவாக இருக்கிறது என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார்டுக்கும் பலகைக்கும் இடையே தரவு போக 16 வழிகள் வரை இருக்கலாம். இந்தக் கார்டில் இருப்பவை 4 மட்டுமே. நினைவகமும் 4 ஜிபிதான். நான்காம் தலைமுறைப் பலகையில் ஓரளவு ஓடிவிடும். மூன்றாம் தலைமுறைப் பலகையில் ஒவ்வொரு வழியின் வேகமும் பாதியாகிவிடுவதால் தடுமாறும். ரைசன் 5 5500 பிராசசரும் மூன்றாம் தலைமுறை வழியே தரும். அந்த இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு விற்றால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடலாம்.

2024 டிசம்பரில் வந்த இண்டெல் ஆர்க் பி580 கார்டு 12 ஜிபி நினைவகத்தோடு கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய அல்லது மெலிந்த பிராசசரோடு சேர்த்தால் அதன் வேகம் வெகுவாகக் குறைகிறது என்பது அடுத்த மாதமே சோதனைகளில் தெரிந்தது. கார்டை இயக்கும் மென்பொருள் பிராசசரிடம் அதிக வேலை கேட்பதே காரணம். கார்டு நல்லதுதான்; பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் ஒத்துவரவில்லை, அவ்வளவே.

அலுவலகங்கள் கழித்துப் போட்ட கணினிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அதில் ஒரு கார்டைச் செருகிவிட்டால் போதும் என்பார்கள். ஒல்லிப் பெட்டியாக இருந்தால் உயரம் குறைந்த கார்டு மட்டுமே உள்ளே போகும். கார்டுக்குத் தனி மின்கம்பியும் பெரும்பாலும் இராது. அங்கே ஜிடிஎக்ஸ் 1650 போல 75 வாட்டில், செருகும் இடத்திலிருந்தே மின்சாரம் எடுத்து ஓடும் கார்டுதான் ஒத்துவரும். இண்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்திய பிராசசர் வேண்டாம். விண்டோஸ் 11 அவற்றை ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபரில் பொதுவாக முடிந்துவிட்டது.

பழைய கார்டு வாங்குவோர் இன்னொன்றையும் நினைவில் வைக்கலாம். 2022 செப்டம்பரில் ஈத்திரியம் நாணயத்தைக் கார்டுகளைக் கொண்டு தோண்டும் முறை நின்றது. அதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் பிறகு விற்பனைக்கு வந்தன. அவை எல்லாம் கெட்டவை அல்ல. ஆயினும் விசிறி சத்தமிடுகிறதா என்று கேட்டு, ஓர் ஆட்டத்தை அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்த்த பிறகே காசைக் கொடுக்க வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு கணினி இருந்தால், எந்தப் பாகத்தை மாற்றுவது என்பதைக் காசில்லாமலே சோதிக்கலாம். ஆட்டத்தின் படத் தெளிவைக் குறைத்து ஓட்டுங்கள். படங்களின் எண்ணிக்கை நன்றாக ஏறினால் கார்டுதான் திணறுகிறது. ஏறாமல் அப்படியே நின்றால் பிராசசரைச் சந்தேகிக்கலாம். அதற்கு முன் ரேம் ஒற்றைத் துண்டாக இருக்கிறதா என்று பாருங்கள். 16 ஜிபியை ஒரே துண்டாகப் போடுவதைவிட 8 ஜிபி துண்டுகள் இரண்டாகப் போட்டால் பிராசசர் விரைவாக வேலை செய்யும்.

வாங்கி வந்து பூட்டும்போது, திரையின் கம்பியைக் கார்டின் பின்புறத்தில்தான் செருக வேண்டும். ரைசன் 5 5600-இலும் எஃப் என்ற எழுத்தில் முடியும் இண்டெல் பிராசசர்களிலும் படம் காட்டும் வசதி இல்லை. கம்பியைப் பலகையில் செருகிவிட்டுத் திரை இருட்டாக இருக்கிறதே என்று பயந்து, நல்ல கணினியை மறுபடியும் பஸ் ஏற்றிக் கடைக்குத் தூக்கிப் போக வேண்டியதில்லை.