நல்லாறு சாக்கடை அல்ல, நம் ஓடை!

(ஆயக்கட்டு விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



தோட்டத்தில் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். நல்லாற்றைப் பற்றி நாலு விஷயம், அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்ற ஒரு விஷயம். சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறோம்.

பேர்தான் ஆறு. உண்மையில் அது ஓர் ஓடை. அவிநாசிப் பக்கத்து மேட்டுக்காடுகளில் விழுகிற மழை பள்ளம் பள்ளமாகச் சேர்ந்து, அவிநாசி, திருமுருகன்பூண்டி கடந்து, திருப்பூரின் வடக்கு ஓரமாக வந்து, சர்க்கார் பெரியபாளையத்தில் நஞ்சராயன் குளத்தில் விழுகிறது. மிச்சம் நொய்யலுக்கு. நம்ம பூமி மலைமறைவுப் பூமி. வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். மழை விழுந்தால் நாலு நாள் செந்தண்ணி வரும், அப்புறம் மணல் தெரியும். அந்த மணலுக்குக் கீழே இறங்கின தண்ணிதான் இரண்டு கரைக் கிணறுகளுக்கும் ஊத்து. எங்க அப்பாரு காலத்தில் கவலை பூட்டி இறைத்த கிணறுகள் எல்லாம் இந்த ஊத்தை நம்பித்தான் வெட்டினவை. ஓடை ஓடாத மாசங்களிலும் ஓடைதான் நமக்குச் சோறு போட்டது. இதைப் பட்டணத்து அதிகாரிகளுக்குப் புரியவைப்பதற்குள் தொண்டை வற்றிப்போகிறது.

இன்றைக்கு நல்லாறு வருஷம் பூரா ஓடுகிறது! வெளியூர்க்காரர் பார்த்தால் சந்தோஷப்படுவார். அதுதானுங்க வியாதி. சித்திரை வெயிலில் இந்தப் பள்ளத்தில் தண்ணி ஓடினால் அது மழைத் தண்ணி அல்ல, வீட்டுச் சாக்கடை. சோப்பு நுரையும் மலக்கழிவும் கொண்டுவருகிற சத்தைத் தின்றுதான் ஆகாயத்தாமரை அப்படிக் கொழுக்கிறது.

சாயத்தின் கதையையும் சொல்ல வேண்டும். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு போட்டாக வேண்டும். சாயம் துணியோடு போய்விடும், உப்பு தண்ணியோடு நின்றுவிடும். அந்தத் தண்ணி மண்ணில் பாய்ந்தால் சோடியம் களிமண்ணைக் கரைத்து மண்ணின் கண்ணை அடைத்துவிடுகிறது. அப்புறம் மழை பெய்தாலும் உள்ளே இறங்காது. தென்னைக்குக் குரும்பை நிற்காது. நொய்யலில் 1992-இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாக மாறிய கொடுமையை நாடே பார்த்தது. கீழே இருந்த விவசாயிகள் வருஷக்கணக்கில் வழக்காடினார்கள். 2011 ஜனவரி 28-ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்பது நடைமுறைக்கு வந்தது அந்தப் போராட்டத்தால்தான். யாரும் தானமாகத் தரவில்லை! பனியன் தொழில் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நம்ம பிள்ளைகளும் கம்பெனிக்குத்தான் போகிறார்கள். உப்பை அவரவர் வளாகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளட்டும் என்கிறோம்.

சரி, குளத்துக்கு வருவோம். 2022-இல் நஞ்சராயன் குளம் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயம் ஆனது. பரப்பு 125.865 ஹெக்டேர், ஏக்கரில் 311 வரும். 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் ஏறிவிட்டது. 191 வகைப் பறவைகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். இமயமலையைத் தாண்டுகிற பட்டைத்தலை வாத்துகூட இங்கே வந்து இறங்கியிருக்கிறது. சந்தோஷம். கொக்கும் நாரையும் நம் உழவுக்குப் பின்னாலேயே நடந்து புழு பொறுக்கினவைதான். அவற்றோடு நமக்கு என்ன சண்டை? ஆனால் ஒன்று கேட்கிறோம். உலகப் பட்டியலில் குளம் ஏறிவிட்டது, குளத்துக்குத் தண்ணி கொண்டுவருகிற ஓடை எந்தப் பட்டியலில் இருக்கிறது? வாசலில் சாக்கடையை விட்டுவிட்டு உள்ளே பலகை மாட்டினால் பறவை படிக்குமா? பறவைகளைக் காப்பாற்றுகிறோம் என்ற பேரில் ஆயக்கட்டுக்காரனின் மதகுத் தண்ணியிலும் வண்டல் மண்ணிலும் நாளைக்குக் கை வைத்துவிடக் கூடாது. அது எழுத்தில் வேண்டும். வாய்வார்த்தை போதாது.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. 1,045 குளம் குட்டைகளுக்கு பவானியிலிருந்து ஒன்றரை டிஎம்சி உபரிநீர். மூன்று தலைமுறை கேட்டு வாங்கினது. அத்தனை கோடி செலவழித்து மேட்டுக்கு ஏற்றுகிற தண்ணி குட்டை நிரம்பி வழிந்தால் நல்லாற்றுப் பள்ளத்துக்குத்தான் வரும். வந்து சாக்கடையில் கலக்கவா?

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். கிராம வரைபடப்படி ஓடையை இருபுறமும் அளந்து கல் நட வேண்டும். 2007 குளங்கள் பாதுகாப்புச் சட்டம் குளத்து ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்கிறது. அதே கண்டிப்பு ஓடைக்கும் வேண்டும். எந்தச் சாக்கடை வாய்க்காலும் சுத்திகரிக்காமல் ஓடையில் விழக் கூடாது. ராத்திரியில் சாயத் தண்ணி திறந்துவிடுகிறவர்களைப் பிடிக்க ஓடையில் நிரந்தரமாக உப்பு அளக்கும் கருவி வைக்க வேண்டும். மதகு உரிமை, வண்டல் உரிமை எழுத்தில் வர வேண்டும்.

அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு எல்லோரும் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறோம். மனு மட்டும் கொண்டுவந்தால் பத்தாது. ஆளுக்கொரு பாட்டிலில் அவரவர் கிணற்றுத் தண்ணி கொண்டு வாருங்கள். மேலே ஊர் பேர், சர்வே நம்பர், தண்ணி எடுத்த தேதி எழுதி ஒட்டுங்கள். காலையில் பத்து மணிக்கு முன்னால் வாசலில் இருக்க வேண்டும், பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக் கிளம்புங்கள்.