கல்லும் கூடமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



‘அருங்காட்சியகங்களும் கவிஞர்களும்’ என்னும் தலைப்பில் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். தலைப்பு பெரிது. அதனைச் சற்றே குறுக்கி, நம் வட்டாரத்து நடுகற்களைப் பற்றியும் அவை குடியேறியிருக்கும் கூடங்களைப் பற்றியும் மட்டும் பேச எண்ணுகிறேன். சென்ற சில மாதங்களாக நம்மிடையே நடந்துவரும் ஒரு விவாதத்திற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

சென்னையில் 1851ஆம் ஆண்டில் அருங்காட்சியகம் தோன்றியபொழுது, ஊர்மக்கள் அதற்கு இட்ட பெயர் ‘செத்த காலேஜ்’ என்பது. விலங்குக் காட்சிச் சாலையோ ‘உயிர்க் காலேஜ்’ ஆயிற்று. படித்தவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. எனக்கு அது நகைச்சுவையாகத் தோன்றுவதில்லை. கூர்மையான திறனாய்வாகவே தோன்றுகிறது. உயிரோடு இருந்த ஒன்று தன் இடத்தைவிட்டு நீங்கிக் கூடத்திற்குள் வந்தவுடன் அதற்கு என்ன நேர்கிறது என்னும் கேள்வியை, எழுத்தறியாத மக்கள் இரண்டே சொற்களில் கேட்டுவிட்டார்கள்.

அஞ்செட்டியில் வாழும் நமக்கு மூன்று திசைகளில் மூன்று கூடங்கள் உள்ளன. கிருஷ்ணகிரியில் 1993ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அரசு அருங்காட்சியகம் ஒன்று. அப்பொழுது கிருஷ்ணகிரி தனி மாவட்டமன்று. 2004இல்தான் தருமபுரியிலிருந்து பிரிந்தது. தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இரண்டாவது. மூன்றாவது மாநில எல்லைக்கு அப்பால், பெங்களூரு கஸ்தூர்பா சாலையில் அமைந்தது. 1865ஆம் ஆண்டில் தோன்றிய பழைய நிலையம். மூன்றிலும் பல்வேறு பொருள்கள் இருப்பினும், நம்மவர் கால் தாமே நிற்கும் இடம் நடுகற்களின் முன்னால்தான்.

நடுகல் என்பது என்ன என்று இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கல்லைத் தேர்ந்து காண்பது தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரையிலான ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. தகடூர் அதியமான் மறைந்த பின்னர் அவன் நடுகல்லுக்குப் படைத்த கள்ளைக் குறித்து ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. அந்த அதியமான் வெறும் பாட்டுடைத் தலைவனல்லன் என்பதை, 1981ஆம் ஆண்டில் ஜம்பையில் கண்டெடுக்கப்பெற்ற தமிழிக் கல்வெட்டு உறுதி செய்தது. அசோகரின் கல்வெட்டுகள் கூறும் ‘சதியபுத’ மரபினனாகவே நெடுமான் அஞ்சி அக்கல்வெட்டில் குறிக்கப்பெறுகிறான். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் கிடைத்த தமிழி எழுத்து நடுகற்களோ இந்த மரபைக் கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளுக்கே கொண்டு சென்றன. அவற்றுள் ஒன்று ஆகோளில் பட்டவனுக்கு எடுத்தது. சங்கப் பாட்டின் சொல் கல்லிலும் அப்படியே நின்றது கண்டு தமிழறிஞர் உலகம் அன்று மகிழ்ந்தது.

நம் பகுதியில் கிடைப்பவை பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டவை. தருமபுரி, செங்கம் வட்டாரங்களில் பல்லவர் காலத்துக் கற்கள் வட்டெழுத்தில் அமைந்துள்ளன. டாக்டர் இரா. நாகசாமி அவர்கள் தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்த காலத்தில் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூல் 1972இல் வெளிவந்தது. கவிஞர்கள் அதனை ஒருமுறையேனும் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். யாப்பு கற்க அன்று, சொற்சுருக்கம் கற்க. அரசன் இன்னான், அவனுக்கு யாண்டு இத்தனை, இன்ன ஊர்த் தொறுவை மீட்கப் போய் இன்னவன் பட்டான், அவன் கல் இது. அவ்வளவுதான். தொறு என்றால் ஆநிரை. அடைமொழி ஒன்றில்லை, அழுகை ஒன்றில்லை. இருபது சொற்களுக்குள் ஒரு மனிதனின் சாவும் ஓர் ஊரின் நன்றியும் அடங்கிவிடுகின்றன. நம் இரங்கற்பாக்கள் நாற்பது அடி நீண்டும் இறந்தவர் எதற்காக இறந்தார் என்பதைச் சொல்லாமலே முடிந்துவிடுவதை நீங்கள் அறிவீர்கள்.

அந்தக் கற்களுள் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடுக்கப்பெற்றது. தொறு மீட்கும் பூசலில் பட்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்குரிய கல் அது. வீரனுக்கு அருகில் ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அந்த நாய்க்குத் தனியாக ஓர் எழுத்துப் பொறிப்பு! அதன் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்றது என்று கல் சொல்கிறது. மகேந்திரவர்மன் குடைவித்த கோயில்களை உலகம் அறியும். அவன் காலத்து நாயொன்றின் பெயரை இந்தக் கல் ஒன்றே அறியும்.

இனி எல்லையைக் கடந்து பெங்களூருக்கு வாருங்கள். அங்குள்ள அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற கற்களுள் ஒன்று ஆதகூர்க் கல். மண்டியா மாவட்டத்து ஆதகூரிலிருந்து கொண்டுவரப்பட்டது, கன்னட எழுத்து, பத்தாம் நூற்றாண்டு. மேலே ஒரு வேட்டை நாயும் காட்டுப்பன்றியும் பொருதும் காட்சி. நாயின் பெயர் காளி. தக்கோலப் போரில் வீரம் காட்டிய மணலேரன் என்பவனிடம், ‘வேண்டியதைக் கேள்’ என்று கங்க மன்னன் பூதுகன் சொல்ல, அவன் ஊரையோ பொன்னையோ கேட்கவில்லை. காளி என்னும் அந்த நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் ஒரு வேட்டையில் அந்த நாய் பெரும்பன்றியொன்றைக் கொன்று தானும் மாண்டது. அதற்குத்தான் இந்தக் கல்.

தமிழர் அந்தக் கல்லின் முன் நிற்கும்பொழுது வேறொன்றும் நிகழ்கிறது. 949ஆம் ஆண்டு தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே வீழ்ந்தான் அல்லவா? ‘ஆனைமேற்றுஞ்சின தேவர்’ என்று நம் கல்வெட்டுகள் அவனைப் போற்றுகின்றன. அவனைக் கொன்றவன் பூதுகனே என்பதை இந்தக் கல்லே பதிவு செய்கிறது. நம் வரலாற்றின் பெருந்துயரம் ஒன்று, அண்டை மொழியில், ஒரு நாயின் நினைவுக்கல்லில் எழுதப்பட்டிருக்கிறது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே சந்தையில் பேசி ராகியும் கொள்ளும் வாங்கும் நமக்கு, இதைப் புரிந்துகொள்வது மற்றவர்களைவிட எளிது. கோவிவனுக்கும் காளிக்கும் இடையே மொழி ஒன்றுதான் வேறு.

வடிவத்திலும் இரு மரபுகள் நம் மண்ணில் கலந்து நிற்கின்றன. பழைய தமிழ்க் கல்லில் வில்லும் வாளும் ஏந்திய வீரன், காலருகே சிமிழும் கெண்டியும், மேலே எழுத்து. கன்னட வீரகல்லில் மூன்று அடுக்கு: கீழே போர், நடுவில் அவனை ஏந்திச் செல்லும் தேவமகளிர், மேலே இலிங்கத்தின் முன் அமர்ந்த வீரன். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதியில் இவ்விரு வகையும் கிடைக்கின்றன. புலியோடு பொருது இறந்தவனுக்கு எடுத்த புலிகுத்திக் கல்லும் உண்டு. வளையணிந்த கை உயர்ந்து நிற்கும் மாஸ்திக் கற்களும் உண்டு. இந்தக் கடைசி வகையின் முன் எனக்குப் பெருமிதம் தோன்றுவதில்லை. நான் கண்டவற்றுள் பலவற்றில் அந்தப் பெண்ணின் பெயர்கூட இல்லை. நாயின் பெயரை எழுதிய உளி அங்கு ஏனோ நின்றுவிட்டது.

இப்பொழுது நம் விவாதத்திற்கு வருகிறேன். நம் உறுப்பினர் ஒருவரின் ஊரில், கேழ்வரகுக் கொல்லையின் வரப்போரத்தில் ஒரு கல் நிற்கிறது. ஊரார் அதை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். நிலம் கைமாறவிருக்கிறது. ஓசூரில் ஆலைகள் பெருகியதிலிருந்து மனை விலை என்பது நம் மலையடிவாரம் வரை ஏறி வந்துவிட்டதை நான் சொல்ல வேண்டியதில்லை. கல்லைக் கிருஷ்ணகிரிக்கு அனுப்பிவிடலாம், அங்கே பாதுகாப்பாக இருக்கும் என்கிறார்கள் ஒரு சாரார். வேடியப்பனை வண்டியில் ஏற்றுவதா என்று மறு சாரார் கொதிக்கிறார்கள். இரு சாராரும் இந்த அவையில் அமர்ந்திருக்கிறார்கள்.

இருக்கும் இடத்தில் இருப்பதே எப்பொழுதும் நல்லது என்று நான் சொல்லமாட்டேன். பக்தியும் கல்லைக் கெடுக்கும். எண்ணெயும் மஞ்சளும் நூற்றாண்டுக்கணக்கில் பூசியதைக் கல் தாங்கியது. இக்காலத்து எனாமல் வண்ணம் எழுத்தின் பள்ளத்தை நிரப்பி, படிக்க இயலாமற் செய்துவிடுகிறது. கருங்கல் குவாரிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மல்லச்சந்திரத்தில் நிற்பவை போன்ற கல்திட்டைகள் நம் மாவட்டத்தில் எத்தனையோ இருந்தன. இடித்து எடுத்த கல்லுக்கு வரலாறு தெரியாது. பர்கூர் வட்டத்து மயிலாடும்பாறையில் தொல்லியல் துறை அகழ்ந்து, அங்குக் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022ஆம் ஆண்டில் அறிவித்தது. அந்தக் குன்றையும் யாரேனும் முன்னதாகவே உடைத்திருந்தால், நாலாயிரத்து இருநூறு ஆண்டுகள் சல்லியாகிப் போயிருக்கும்.

கூடமும் குறையற்றதன்று. பேகூரில் இருந்த கங்கர் காலப் போர்க்கல் ஒன்று பெங்களூரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யானையும் குதிரையும் மோதும் அற்புதமான சிற்பம். அதே பேகூரில், ‘பெங்களூர்’ என்னும் பெயர் இடம்பெற்ற, ஏறத்தாழ 890ஆம் ஆண்டைச் சேர்ந்த மற்றொரு கல் கோயில் வளாகத்திலேயே நிற்கிறது. முதலாவது அழகானது, ஆனால் தன் ஊர்ப்பெயரே அந்த மண்ணில் பொறித்து நிற்பதைப் பேகூர்ச் சிறுவன் ஒருவன் நடந்துபோய்த் தொட்டுப் பார்க்க முடிவது இரண்டாவதைத்தான்.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலத்தில், பீனிக்ஸ் நகரில், 1929 முதல் ஹெர்ட் அருங்காட்சியகம் என்னும் ஒன்று அப்பகுதிப் பழங்குடியினரின் கலைச் செல்வங்களைத் திரட்டிக் காட்டி வருகிறது. அதற்கு அண்டையிலுள்ள நியூ மெக்சிகோவில் சூனி என்னும் பழங்குடியினர் போர்த் தெய்வங்களை மரத்தில் செதுக்கி, மேட்டு நிலத்தில் திறந்த வெளியில் வைப்பார்கள். காற்றிலும் வெயிலிலும் அது மெல்ல மக்கி மண்ணாக வேண்டும் என்பதே வழிபாட்டின் நோக்கம். அவற்றை அருங்காட்சியகங்கள் எடுத்துச் சென்று பூச்சி அரிக்காமல் காத்து வைத்தன. காப்பதே பிழை என்றார்கள் சூனி மக்கள். 1978 முதல் அவர்கள் விடாது கேட்டு வந்தார்கள். டென்வர் கலை அருங்காட்சியகம் 1980இல் திருப்பித் தந்தது. 1990இல் பழங்குடியினரின் புனிதப் பொருள்களையும் முன்னோர் எலும்புகளையும் திருப்பித் தருவதற்கு அந்நாட்டில் சட்டமே வந்தது. திரும்பி வந்த தெய்வங்கள் இன்று மீண்டும் வெயிலில் மக்கிக் கொண்டிருக்கின்றன.

நம் வேடியப்பன் கருங்கல்; மக்கமாட்டான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதே கேள்விதான்: அந்தக் கல்லுக்கு இன்னும் படையல் வைக்கிறார்களா? வைக்கிறார்கள் எனில், அந்த ஊரார் இசைவில்லாமல் யாரும் அதனைத் தொடுதல் ஆகாது என்பது என் கருத்து. வேலி போடலாம், நிலம் வாங்குபவரிடம் இரண்டு செண்ட் விட்டுத் தருமாறு பேசலாம், எனாமல் பூசாதிருக்கச் சொல்லலாம். படையல் நின்று, கேட்பாரற்று, புல்டோசருக்குக் காத்திருக்கும் கல்லானால், வருவாய்த் துறைக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவித்துக் கூடத்திற்கு அனுப்புவதே முறை. அப்படி அனுப்பும்பொழுதும் அது எந்தத் திசை நோக்கி நின்றது, எந்த நாளில் பொங்கலிட்டார்கள், யார் குடும்பம் பூசை செய்தது, ஊரில் வழங்கிய கதை என்ன, இவற்றையும் எழுதிச் சேர்த்தனுப்ப வேண்டும். ‘நடுகல், கருங்கல், எட்டாம் நூற்றாண்டு’ என்று ஒரு சிறு அட்டையில் எழுதி வைப்பதனால்தான் கூடம் செத்த காலேஜ் ஆகிறது.

அந்த எழுத்துப் பணியைச் செய்யவேண்டியவர்கள் யார்? தொல்லியல் துறைக்கு ஆள் போதாது. எல்லா வரப்பிற்கும் அவர்கள் வர இயலாது. நம் வட்டத்தில் ஏறத்தாழ ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஒருவர் இருக்கிறார். பத்தாண்டுகளாக நிலவைப் பற்றியும் மழையைப் பற்றியும் நாம் எழுதியிருப்பவை இம்மலரின் பக்கங்களை நிரப்பியிருக்கின்றன. அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் நாட்றாம்பாளையம் சாலையிலோ தேன்கனிக்கோட்டைச் சாலையிலோ பேருந்து கடக்கையில் சன்னலுக்கு வெளியே நிற்கும் கல்லைப் பற்றி நம்மில் எவரும் ஒரு வரி எழுதியதாக எனக்கு நினைவில்லை.

ஆகவே செயலாளர் அவர்கள் இசைந்தால், இன்று முதல் ஒரு பேரேடு தொடங்கலாம் என்று முன்மொழிகிறேன். ஒரு பக்கத்திற்கு ஒரு கல். ஊர், இடம், உயரம், உருவம், எழுத்து உண்டா இல்லையா, கும்பிடும் பெயர், கும்பிடும் நாள், முதியோர் சொல்லும் கதை. தமிழில் சொன்னால் தமிழில், கன்னடத்திலோ தெலுங்கிலோ சொன்னால் அச்சொற்களையே தமிழெழுத்தில். படியெடுக்கத் தெரியாவிட்டாலும் கவலையில்லை; நிழல் சாயும் மாலை நேரத்தில் எடுத்த புகைப்படம் ஒன்று போதும், எழுத்தின் பள்ளம் அப்பொழுது தெளிவாகத் தெரியும். முதற்பக்கத்தில் அந்தக் கேழ்வரகுக் கொல்லைக் கல் இடம்பெறட்டும். அந்த ஊரைச் சேர்ந்த நம் உறுப்பினரே அதனை எழுதுவதாகச் சற்று முன்னர் என்னிடம் ஒப்புக்கொண்டார். அடுத்த திங்கள் கூட்டத்திற்கு வரும்பொழுது ஏனையோரும் ஆளுக்கொரு பக்கம் எழுதி வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.