விடை கண்டபின்

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகியவற்றில் தேர்ந்த மாணவரும், சொற்களால் அமைந்த வாக்கியக் கணக்கைக் கண்டதும் தயங்குவதுண்டு. அத்தயக்கம் நீங்கி விடை கண்டுவிட்டாலோ, தாளைத் திருப்பி அடுத்த வினாவுக்கு விரைந்து விடுகின்றனர். கண்ட விடையைச் சரிபார்ப்பது எவ்வாறு? இன்று அது குறித்துச் சிறிது சிந்திப்போம்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. தந்தையின் வயது மகன் வயதைப்போல் நான்கு மடங்கு. 20 ஆண்டுகள் சென்றபின், அது மகன் வயதைப்போல் இரு மடங்காக இருக்கும். இன்று அவர்களுடைய வயது என்ன?

மகனின் வயதைக் 'க' என்று கொண்டால், தந்தையின் வயது 4க. மாணவர் ஒருவர் 4க = 2(க + 20) என்று சமன்பாடு அமைக்கிறார். மகனுக்கு 20, தந்தைக்கு 80 என விடை வருகிறது. சரிபார்க்க விரும்பி, அதே சமன்பாட்டில் 20 என்ற எண்ணை இடுகிறார். இடப்பக்கம் 80, வலப்பக்கமும் 80. மனநிறைவோடு கோடிட்டு முடிக்கிறார்.

ஆனால் விடையைக் கணக்கின் சொற்களோடு ஒப்பிட்டால் என்ன ஆகிறது? 20 ஆண்டுகளுக்குப்பின் மகனுக்கு 40, தந்தைக்கு 100. நூறு என்பது நாற்பதின் இரு மடங்கன்று! மகனுக்குக் கூட்டிய இருபதைத் தந்தைக்குக் கூட்ட மறந்ததே பிழை. 4க + 20 = 2(க + 20) என்று திருத்தினால், வயது 10, 40 எனக் கிடைக்கும். 20 ஆண்டுகளுக்குப்பின் 30, 60. கணக்கின் சொற்கள் முற்றும் பொருந்துகின்றன.

குறையுள்ள எடைக்கல்லால் நிறுத்த பண்டத்தை, அதே கல்லால் மீண்டும் நிறுத்தால் குறை வெளிப்படுமா? சமன்பாடு நாம் எழுதியது. வினா நமக்குத் தரப்பட்டது. ஆகவே விடையை வினாவின் சொற்களோடுதான் ஒப்பிட வேண்டும்.

கேட்டது என்ன என்பதையும் மறவாதிருத்தல் வேண்டும். 1980களின் தொடக்கத்தில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசியக் கல்வி மதிப்பீட்டில் 13 வயது மாணவர்களிடம் ஒரு வினா கேட்கப்பட்டது. ஒரு பேருந்தில் 36 வீரர் செல்லலாம். 1,128 வீரருக்கு எத்தனை பேருந்துகள் வேண்டும்? நூற்றுக்கு எழுபதின்மர் வகுத்தலைச் சரியாகவே செய்தனர். ஆயினும் 29 பேர் "31, மீதி 12" என்றும், 18 பேர் "31" என்றும் எழுதினர். 32 என்ற சரியான விடையைத் தந்தோர் 23 பேரே. எஞ்சிய பன்னிருவர் எதில் ஏறுவர் என்று ஒரு கணம் எண்ணியிருந்தால் போதும்.

ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா, 1945இல் வெளியிட்ட நூலொன்றில், கணக்குத் தீர்க்கும் முறையை நான்கு படிகளாக வகுத்தார். வினாவை உணர்தல், வழி வகுத்தல், அவ்வழியே செய்தல், இறுதியில் திரும்பிப் பார்த்தல் என்பன அவை. அதே விடையை வேறு வழியில் பெற முடியுமா என்று ஆராய்தலும் இந்நான்காம் படியின் ஒரு கூறு.

நம் வயதுக் கணக்கையே பாருங்கள். இருவர் வயதின் வேறுபாடு என்றும் மாறாது. இன்று அது மகனின் வயதைப்போல் மும்மடங்கு; 20 ஆண்டுகளுக்குப்பின் அவனுடைய அன்றைய வயதுக்குச் சமம். எனவே அன்று அவன் வயது இன்றைய வயதின் மும்மடங்கு. கூடிய 20 ஆண்டுகள் இன்றைய வயதின் இரு மடங்காகும். ஆதலின் இன்று அவனுக்கு 10. சமன்பாடு இன்றியே அதே விடை! இரு வேறு வழிகள் ஓரிடத்தில் வந்து கூடும்போது நம் உறுதி வலுப்பெறுகிறது.

பாடநூலின் இறுதிப் பக்கங்களில் விடைகள் அச்சாகியிருக்கும். ஆனால் நாளை நீங்கள் பாலத்துக்கு அளவு குறிக்கும்போதோ, நோயாளிக்கு மருந்தின் அளவைக் கணிக்கும்போதோ, அத்தகைய பக்கம் ஏதும் இராது. சரியா தவறா என்று நீங்களேதான் தெளிய வேண்டும். அதற்கான பழக்கத்தை இன்றைய வீட்டுக் கணக்கிலேயே தொடங்குங்கள். விடை எழுதியபின், வினாவை மீண்டும் ஒருமுறை படியுங்கள்.